பவானிசாகருக்குள் ஒரு கதவு: மர்மமும் காலப் பயணமும் கலந்த சூப்பர் ஹீரோ கூட்டணி காமிக்ஸ் செய்ய முழு வழிகாட்டி

நாலு சூப்பர் ஹீரோக்களை ஒரே அட்டையில் நிற்க வைத்து வரைந்துவிடலாம், அது பெரிய வேலை இல்லை. அந்த நாலு பேர் கையில் ஒரு மர்மத்தைக் கொடுத்து, அதற்குள் காலப் பயணத்தையும் கொண்டுவந்தால்தான் வேலை தெரியும். மூன்றும் ஒன்றையொன்று கெடுக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் பார்க்கத் தெரிந்தவள் இருக்கும் ஊரில் எந்த மர்மம் நிற்கும்? பழைய காலத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றால் துப்பறிவது எதற்கு?

ஈரோட்டில் நானும் என் அக்கா மகளும் சேர்ந்து 24 பக்கத்தில் அப்படி ஒரு காமிக்ஸ் செய்தோம். அவளுக்குப் பதினோரு வயது. முதல் வடிவத்தை நான் மட்டும் எழுதி அவளிடம் நீட்டினேன். ஆறாம் பக்கத்திலேயே நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "ஏனுங்க மாமா, அந்தக்கா கல்லத் தொட்டாலே நடந்ததெல்லாம் தெரியுதில்லீங்க, அப்பறம் எதுக்கு எல்லாரும் அலையறாங்க?" அந்த ஒரு கேள்வியில் கதை முழுவதும் போயிற்று. மறுபடி எழுதினோம், இந்த முறை அவளையும் வைத்துக்கொண்டு. அப்போது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். எங்கள் கதையையே உதாரணமாக வைக்கிறேன், முடிவு உட்பட, ஏனென்றால் முடிவைச் சொல்லாமல் மர்மம் கட்டும் விதத்தைச் சொல்ல முடியாது.

முதலில் இடம்

ஹீரோவை யோசிக்கும் முன் இடத்தை யோசியுங்கள். இரண்டு காலம் ஒரே இடத்தில் கண்ணுக்குத் தெரிகிற இடமாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. கொங்கு நாட்டில் இதற்குப் பஞ்சமே இல்லை. ரோமானியக் காசு கிடைத்த வெள்ளலூர் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் வெட்டி இன்றைக்கும் மஞ்சளுக்கும் நெல்லுக்கும் தண்ணீர் விடுகிற காலிங்கராயன் வாய்க்கால் இருக்கிறது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பாடிய ஊர், நொய்யல் கரையில் கொடுமணலாக இன்னும் இருக்கிறது, அங்கே தோண்டியபோது கல்மணிகள் துளை போட்டு முடித்தவையும் முடிக்காதவையுமாகக் கிடைத்தன.

நாங்கள் எடுத்தது பவானிசாகர். பவானியும் மோயாறும் கூடுகிற இடத்தில் டணாயக்கன் கோட்டை என்று ஒரு கோட்டை இருந்தது, ஒய்சாளத் தளபதிகள் காலத்தது. கோட்டைக்குள் கோயில், பக்கத்தில் ஊர். 1948-ல் அணை வேலை ஆரம்பித்து 1955-ல் முடிந்தது, அத்தனையும் தண்ணீருக்குள் போயிற்று. மழை பொய்த்த வருடங்களில் நீர்மட்டம் நன்றாக இறங்கும்போது கோயில் மேலே வரும், சனங்கள் போய்ப் பார்ப்பார்கள். காலப் பயணத்துக்குப் புதிதாக ஒரு இயந்திரம் எதற்கு? கதவு ஏற்கெனவே அங்கே நிற்கிறது.

உங்கள் ஊரில் இப்படி எது இருக்கிறதோ அதை எடுங்கள். நேரில் போய் ஒரு அரை நாள் உட்கார்ந்து வரைந்து பாருங்கள். வெடித்த வண்டல் எப்படித் துண்டு துண்டாக ஓரம் சுருண்டு நிற்கும் என்பது போட்டோவைப் பார்த்து வரைந்தால் கைக்கு வராது.

காலத்துக்கு விதி

காலப் பயணக் கதையில் மூன்று வழி உண்டு. போய் மாற்றினால் இன்றைக்கு மாறிவிடும் என்பது ஒன்று. போய் மாற்றினால் வேறொரு உலகம் கிளை பிரியும் என்பது இரண்டாவது. நீங்கள் போனதும் ஏற்கெனவே நடந்ததில் சேர்த்தி, எதுவும் மாறாது என்பது மூன்றாவது. மர்மம் வேண்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவதை எடுங்கள். முதல் வழியில், ஐந்தாம் பக்கத்தில் வாசகர் பார்த்த துப்பு பதினெட்டாம் பக்கத்தில் செல்லாக் காசு ஆகிவிடலாம். இரண்டாவதில் எந்தத் துப்பு எந்த உலகத்தது என்றே தெரியாது. மூன்றாவதில் மட்டும்தான் தரையில் கிடக்கும் ஒரு இரும்புத் துண்டை நம்பலாம்.

அதற்கு மேல் விதிகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. எங்களுடையவை இவ்வளவுதான்: அணையின் நீர்மட்டம் 50 அடிக்குக் கீழே இருக்கும்போது மட்டும் கோயில் கதவு திறக்கும். திறந்தால் 1953 மட்டும்தான். இங்கே ஒரு நாள் கழிந்தால் அங்கேயும் ஒரு நாள் கழியும், ஆகவே நேற்றைக்குத் திரும்பிப் போகவே முடியாது.

50 அடி என்பது கதைக்காக நாங்கள் வைத்த கணக்கு. ஆனால் அதில் ஒரு பெரிய வசதி இருந்தது. பவானிசாகரின் முழு மட்டம் 105 அடி, நீர்மட்டம் எவ்வளவு, நீர்வரத்து எத்தனை கன அடி என்று பேப்பரில் தினமும் பார்க்கிறோம். அதே மாதிரி ஒரு சின்னப் பெட்டியைப் புது நாள் தொடங்கும் பக்கங்களின் மேல் மூலையில் வைத்தோம். 44.10 அடி. 45.60. நீலகிரியில் மழை பிடித்ததும் 47.90. வசனமே இல்லாமல் படபடப்பு ஏறுகிறது. எங்கள் கதையில் வில்லன் கிடையாது, ஏறுகிற தண்ணீர்தான் எதிரி. வில்லன் இல்லாமல் சூப்பர் ஹீரோ கதையா என்று நீங்கள் தயங்கினால் வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் கதவு மூடுகிற நேரம் என்று ஒன்று கட்டாயம் வேண்டும்.

சக்தியைவிட ஓட்டை முக்கியம்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஹீரோவுக்கும் சக்தி கொடுக்கும்போதே அந்தச் சக்தியில் ஒரு ஓட்டையும் கொடுங்கள், மர்மத்தின் விடையைச் சரியாக அந்த ஓட்டைக்குள் ஒளித்து வையுங்கள். பொதுவான பலவீனத்தை நான் சொல்லவில்லை. பச்சைக் கல்லைப் பார்த்தால் மயங்கி விழுவான் என்பதெல்லாம் சண்டைக்கு ஆகும், மர்மத்துக்கு ஆகாது. அறிகிற சக்தியில் அறிய முடியாத ஒரு மூலை வேண்டும்.

எங்கள் கூட்டணியில் நாலு பேர். ரிக்காரர், திருச்செங்கோட்டில் இருந்து போர்வெல் போடுகிற ரிக் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவர், மண்ணுக்கு அடியில் ஆயிரம் அடியில் இருப்பதும் அவர் காதுக்குக் கேட்கும். ஆனால் ஈர மண்ணில் கேட்காது. கோயிலோ எழுபது வருடம் ஊறிய இடம்! அடுத்தது பாவு (தறியில் நெடுக்காக ஓடும் நூலுக்கு அந்தப் பெயர்), சென்னிமலையில் கைத்தறி நெய்கிற பெண், தன் கையால் முடிச்சுப் போட்ட எதையும் தூரத்தில் இருந்தே இழுப்பார். முடிச்சு அவர் கையால் விழவேண்டும், நூல் நீளம் ஒரு பாவுக்கு மேல் போகாது. மூன்றாவது, காங்கேயத்தில் கல் பட்டை தீட்டுகிற பெண், கல் என்றே பெயர். ஒரு கல்லைத் தொட்டால் அந்தக் கல் கடைசியாக வெளிச்சத்தில் இருந்தபோது அதன் எதிரே இருந்த காட்சி தெரியும். அக்கா மகள் பிடித்தாளே, அவர்தான். இரண்டாவது வடிவத்தில் அவருக்கு இரண்டு ஓட்டை வைத்தோம்: சத்தம் கேட்காது, காட்சி கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறித் தெரியும். இடம் வலம் மாறும் என்பது கல்லுக்கே தெரியாது.

நாலாவது ஆள் அம்மிணி, பதினேழு வயது. சக்தி எதுவும் இல்லை. முழுகிப்போன ஊரின் சந்து பொந்து எல்லாம் தெரியும், கேட்டால் பாட்டி சொன்னது என்பாள்.

ஏன் நாலு பேர்? ஒருவருடைய ஓட்டையை இன்னொருவர் அடைக்க வேண்டும், அதற்குத்தான் கூட்டணி. 1940-ல் அமெரிக்காவில் வந்த ஆல் ஸ்டார் காமிக்ஸ் மூன்றாவது இதழில்தான் சூப்பர் ஹீரோக்கள் முதல்முதலாக ஒரு சங்கமாகச் சேர்ந்தார்கள். அதில் அவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு சாகசத்தைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். சேர்ந்து ஒரு காரியத்தில் இறங்குவது அடுத்த இதழில். இன்றைக்கும் பல கூட்டணிக் கதைகள் அந்த மேசையைத் தாண்டுவதில்லை. யார் ஒருவரை எடுத்துவிட்டாலும் மர்மம் அவிழக்கூடாது. உங்கள் கதையில் ஒவ்வொரு ஆளாக எடுத்துவிட்டுப் பாருங்கள். எடுத்தும் கதை நடந்தால் அந்த ஆள் அட்டைக்கு மட்டும்தான் உதவுவார்.

விடையை முதலில் எழுதுங்கள்

எங்கள் நோட்டில் முதல் பக்கத்தில் எழுதிய வரி இது: "24-ஆம் பக்கத்தில் எண்பது வயது தாண்டிய ஒரு பெரியவர், பதினேழு வயதுப் பெண்ணை அக்கா என்று கூப்பிடுகிறார்." மற்றதெல்லாம் இதிலிருந்து பின்னோக்கி வந்தது. அம்மிணி 1953-ல் இருந்து கதவு வழியாக வந்தவள். வரும்போது எட்டு வயதுத் தம்பி இடிந்த அறைக்குள் மாட்டிக்கொண்டான். அவனை மீட்க ஆள் வேண்டும் என்று அவள்தான் பெயர் போடாமல் மூன்று பேருக்கும் கடிதம் எழுதிச் சேர்க்கிறாள். ரிக்காரர் 1953-க்குப் போய், தன் ரிக்கின் பிட்டால், அதாவது துளை போடும் இரும்பு முனையால், சுவரை உடைத்துத் தம்பியை வெளியே விடுகிறார். தண்ணீர் ஏறிக் கதவு மூடும்போது அக்கா இந்தப் பக்கம், தம்பி அந்தப் பக்கம். அவன் அங்கேயே வளர்ந்து, நாள் நாளாக வாழ்ந்து இங்கே வந்து சேர்கிறான். ஐந்தாம் பக்கத்தில் ஆடு மேய்க்கும் பெரியவர் அவர்தான்.

வாசகருக்கு முன்னால் நிற்கிற கேள்வி வேறு: அணைக்குள் வண்டலில் ரிக்காரருடைய பிட் துருப்பிடித்துக் கிடக்கிறது, அவர் உளியால் கொத்திய அடையாளத்தோடு. அதே பிட் புத்தம் புதிதாக லாரியிலும் இருக்கிறது. எப்படி?

இனி துப்பு. ஒரு துப்பு நல்ல துப்பா என்று பார்க்க எங்களுக்கு ஒரே ஒரு சோதனைதான்: முதல் தடவை படிக்கும்போது அதற்கு வேறொரு சாதாரணக் காரணம் தோன்ற வேண்டும். காரணமே தோன்றாவிட்டால் துப்பு கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு நிற்கும்.

கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "அணைக்குள் கோயிலுக்கு வாருங்கள்" என்று ஒரே வரி. அதில் ணை என்ற எழுத்தை இப்போது எழுதுவது மாதிரி எழுதாமல், யானைத் தும்பிக்கை போல முன்னால் சுழித்து எழுதினோம். 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்ட பிறகு பள்ளிக்கூடத்தில் அந்தச் சுழி போயிற்று. ஆனால் அதற்கு முன் படித்த பெரியவர்கள் இன்னும் அப்படித்தான் எழுதுகிறார்கள், வீட்டில் பாட்டி எழுதிய மளிகைச் சீட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஆகவே கடிதம் வந்த மூன்று பேரும், வாசகரும் சேர்ந்து, "யாரோ வயசானவங்க எழுதீருக்காங்க" என்று முடிவு கட்டுகிறார்கள். 17-ஆம் பக்கத்தில் அம்மிணி வண்டல் மண்ணில் குச்சியால் வழி வரைந்து, பக்கத்தில் "அணை" என்று எழுதுகிறாள். அதே சுழி. பதினேழு வயதுக் கையில் அந்தச் சுழி வந்ததும் எல்லாம் தலைகீழாகிறது. தமிழ் எழுத்துத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே பிடிபடக்கூடிய துப்பு இது, வேறெந்த மொழிக் காமிக்ஸிலும் இதை வைக்கவே முடியாது என்பதில் எனக்கு அத்தனை சந்தோஷம்.

இப்படிக் காலத்தைக் காட்டிக்கொடுக்கும் சங்கதிகள் இன்னும் கிடைக்கும், தேடி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1-ல், அதற்கு முன் ரூபாய்க்குப் பதினாறு அணா. அம்மிணி டீக்கடையில் சில்லறையைக் கையில் வைத்து, "முக்கா ரூவான்னா பன்னண்டு" என்று முணுமுணுப்பாள். ஈரோடு தனி மாவட்டம் ஆனது 1979-ல், அவள் "எங்க ஊரு கோயமுத்தூர் ஜில்லாவுங்க" என்பாள், கேட்கிறவர்கள் கோவைப் பக்கம் வேறு ஏதோ ஊர் என்று நினைத்துக்கொள்வார்கள். மூன்றுக்கு மேல் வைக்காதீர்கள். நாங்கள் முதலில் ஏழு வைத்தோம், அம்மிணி பேசுவதெல்லாம் பரீட்சைக் கேள்வி மாதிரி ஆகிவிட்டது.

தப்பான வழியில் கூட்டிக்கொண்டு போகும் துப்பும் ஒன்று வேண்டும். கோயில் வாசலில் கிடக்கும் படிகக் கல்லைத் தொட்டால், சட்டை போட்ட ஒரு உருவம் இடது கையால் சுவரைக் குத்துவது தெரிகிறது, முகம் தெரியவில்லை. கூட்டத்தில் இடதுகைக்காரர் பாவு ஒருவர்தான். நம் பக்கத்துப் பெண்கள் காட்டு வேலைக்கும் தறி வேலைக்கும் சேலைக்கு மேலே ஆண் சட்டை போட்டுக்கொள்வது வழக்கம், பாவுவும் அப்படித்தான். சந்தேகம் அவர் மேல் விழுகிறது, 14-ஆம் பக்கத்தில் கூட்டணி உடைகிறது. ஆனால் அந்தக் காட்சியில் சட்டைப் பை வலது பக்கம் இருக்கும். ஆண் சட்டைக்குப் பை இடது மார்பில்தான் வைப்பார்கள். காட்சி இடம் வலம் மாறியது என்று 16-ஆம் பக்கத்தில் ரிக்காரர் தன் பையில் இருந்து பீடிக் கட்டை எடுக்கும்போது கல்லுக்கு உறைக்கிறது. குத்தியது வலது கை. அப்படியானால் ரிக்காரரே.

நூல் தாள்

ஒரு பெரிய சார்ட் தாளில் இரண்டு நீளக் கோடு போடுங்கள், மேலே இப்போது, கீழே 1953. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நிற நூல் எடுத்து, அவர் வாழ்கிற வரிசையில் தாளின் மேல் ஒட்டிக்கொண்டே போங்கள். மேல் கோட்டில் இருந்து கீழே இறங்கும் இடத்தில் பக்க எண் எழுதுங்கள். தம்பியின் நூல் மட்டும் கீழிருந்து மேலே தாண்டாமல், தாளின் ஓரமாகச் சுற்றி எழுபது வருடம் நடந்து வரும்.

ஆட்களோடு நிறுத்தாதீர்கள், பொருளுக்கும் நூல் வேண்டும். பிட்டின் நூல் இப்படிப் போகிறது: கடையில் வாங்கியது, லாரியில் இருந்தது, 18-ஆம் பக்கத்தில் 1953-க்குப் போனது, அங்கேயே விழுந்தது, வண்டலில் கிடந்தது, முதல் பக்கத்தில் கிடைத்தது. நடுவில் கொஞ்ச நாள் ஒரே பிட் இரண்டு இடத்தில் இருக்கும், அதில் தப்பே இல்லை. தப்பு எங்கே வரும் என்றால், அவசரத்தில் ரிக்காரர் துருப்பிடித்த பிட்டையே தூக்கிக்கொண்டு 1953-க்குப் போய்விட்டால்! அப்போது அந்த பிட் எந்தப் பட்டறையிலும் செய்யாத பிட், வட்டமாகவே சுற்றுகிறது, ஒவ்வொரு சுற்றுக்கும் எழுபது வருடத் துரு வேறு ஏறுகிறது. நூலுக்கு ஆரம்பம் இல்லாத பொருள் கதையில் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். எங்கள் முதல் வடிவத்தில் இந்தத் தப்பு இருந்தது, நூல் ஒட்டியபோதுதான் கண்ணில் பட்டது.

பக்கம் பிரிப்பது

ஏ4 தாள் ஆறை மடித்தால் ஏ5 அளவில் 24 பக்கம் வரும், அட்டைக்குத் தனியாக ஒரு தாள். பக்க எண்ணிக்கை எப்போதும் நாலால் வகுபடவேண்டும். புத்தகத்தில் ஒற்றைப்படைப் பக்கம் வலது கைப்பக்கம், அதன் கடைசிக் கட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாசகர் தாளைத் திருப்புவார். ஆகவே கேள்வி ஒற்றைப்படைப் பக்கத்தின் அடியில், அதிர்ச்சி இரட்டைப்படைப் பக்கத்தின் தலையில். இது ஒரு சின்னச் சங்கதிதான், ஆனால் மாற்றி வைத்தால், எதிர்ப் பக்கத்தில் இருக்கும் பெரிய படத்தைக் கண் முன்கூட்டியே பார்த்துவிடும், அத்தனை உழைப்பும் வீண். 17-ஆம் பக்கத்தின் அடியில் அம்மிணியின் கை மண்ணில் எழுதுகிறது, 18-இன் தலையில் கடிதமும் மண்ணும் பக்கத்தில் பக்கத்தில்.

காலத்தைக் காட்ட "1953" என்று தலைப்பு போட்டுக்கொண்டே இருக்கத் தேவையில்லை. கட்டத்தின் மூலையே போதும். இப்போது நடப்பதற்கு நேர் மூலை, 1953-க்கு உருண்ட மூலை. கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தாலும் இது அழியாது. அப்புறம் ஒரு காரியம் செய்தோம்: மூன்றாம் பக்கத்தில் இருந்தே அம்மிணி தனியாக வரும் கட்டங்களுக்கு மட்டும் உருண்ட மூலை போட்டோம். யாரும் கவனிப்பதில்லை. இரண்டாவது தடவை புரட்டும்போதுதான் தெரியும். பெரியவருக்கு நேர் மூலைதான், அவர் கதவு வழியாக வரவில்லை.

ஒரு பக்கத்தை எழுதிப் பார்ப்போம்

வரையும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் வசனத்தோடு எழுதிவிடுங்கள். பக்கத்துக்கு ஐந்து ஆறு கட்டம் போதும். ஐந்தாம் பக்கம் எங்கள் நோட்டில் இப்படி இருக்கிறது:

கட்டம் 1, முழு அகலம். வெடித்த வண்டல், தூரத்தில் கோயில். பின்சுவரில் ஆள் நுழையும் அளவுக்குப் பழைய ஓட்டை, அதில் ஒரு ஆடு தலையை நீட்டுகிறது. வசனம் இல்லை.

கட்டம் 2. பெரியவர் தூக்குப் போசியைத் திறக்கிறார். "வாங்க, வாங்க. நெழலுக்கு வாங்க."

கட்டம் 3. முதல் டம்ளர் ரிக்காரருக்கு. "மொதல்ல நீங்க குடிங்க. கல்லு ஒடச்ச கை, சலிச்சுப் போயிருக்கும்."

கட்டம் 4. ரிக்காரர்: "நான் இன்னும் ஒண்ணுமே ஒடைக்கலீங்களே?"

கட்டம் 5. பாவு சிரிக்கிறார். "லாரியப் பாத்துட்டுச் சொல்றாருங்க."

கட்டம் 6. அம்மிணி ஆட்டைத் தடவிக்கொண்டிருக்கிறாள். பெரியவர் அவளைப் பார்க்கிறார், அவள் அவரைப் பார்க்கவில்லை. வசனம் இல்லை.

முதல் கட்டத்தில் ஆடு எதற்கு என்றால், கண் ஆட்டிடம் போகும், ஓட்டை அதன் பின்னால் பத்திரமாக இருக்கும். ஐந்தாம் கட்டத்தில் பாவு சொல்வதுதான் நான் சொன்ன சாதாரணக் காரணம். அதை வாசகர் தானாக யோசிக்கட்டும் என்று விடாமல், ஒரு பாத்திரத்தின் வாயில் கொடுத்துவிட்டால் சந்தேகம் அங்கேயே அடங்கிவிடும். ஆறாவது கட்டத்தை வரைய அக்கா மகள் மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். பெரியவருக்குக் கண்ணீர் வரைந்தாள், அழித்தாள். கடைசியில் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாமல் பாதியில் நிறுத்திய கையை வரைந்தாள். அதுதான் சரி.

பேச்சில் கொங்குத் தமிழ் தாராளமாக வரட்டும், ஆனால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வேண்டும். எல்லாரும் எல்லா வரியிலும் "ங்க" போட்டால் யார் யாரென்று தெரியாது. எங்கள் கதையில் 1953 ஆட்கள் பேசும்போது ஆங்கிலச் சொல்லைப் பெரும்பாலும் எடுத்துவிட்டோம், ஜில்லா, தாலூக்கா மாதிரி அன்றைக்குப் புழங்கியதை மட்டும் வைத்தோம்.

எழுத்தும் குமிழியும்

தமிழில் சொல் நீளம், எழுத்துக்கு மேலேயும் கீழேயும் கோடும் சுழியும் போகும், வரிக்கு நடுவே இடம் அதிகம் வேண்டும். அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் பென்சிலில் வசனம், அதைச் சுற்றிக் குமிழி, மிச்ச இடத்தில் ஆள். ஆளை வரைந்துவிட்டு வசனத்தைத் திணித்தால் எழுத்து நசுங்கும். ஒரு குமிழிக்குப் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம். ஏ4-ல் வரைந்து ஏ5-க்குச் சுருக்கினால் எல்லாம் 71 விழுக்காடு ஆகும், 5 மில்லிமீட்டர் உயரத்தில் எழுதியது மூன்றரை ஆகிவிடும், அதற்குக் கீழே போனால் பெரியவர்கள் படிக்கச் சிரமப்படுவார்கள். கணினியில் எழுத்துப் போடுவதாக இருந்தால் கிருத்தா மாதிரி இலவச மென்பொருளே போதும், ஆனால் அந்தப் பழைய ணை பெரும்பாலான எழுத்துருக்களில் வராது. கையால்தான் எழுத வேண்டும், கடிதம் என்பதால் அதுவே பொருத்தமும் கூட.

வரைவதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், அது பழகப் பழக வரும். ஒன்று மட்டும்: நாலு பேரையும் முகம் இல்லாமல் வெறும் நிழலாக வரைந்து, யார் யார் என்று தெரிகிறதா பாருங்கள். ரிக்காரருக்குத் தோளில் துண்டு, பாவுவுக்குச் சேலை மேல் சட்டை, கல்லுக்கு நெற்றியில் தூக்கிவிட்ட கண்ணாடி, அம்மிணிக்கு மடித்துக் கட்டிய ரெட்டைச் சடை. இவ்வளவு இருந்தால் முகம் கொஞ்சம் கோணினாலும் பரவாயில்லை.

மை போடும் முன் படிக்கக் கொடுங்கள்

பென்சில் நிலையிலேயே கதை தெரியாத இரண்டு பேரிடம் கொடுங்கள். நீங்கள் பேசக் கூடாது, அவர்கள் கையை மட்டும் பாருங்கள். 18-ஆம் பக்கம் வந்ததும் கை தானாகப் பின்னால் புரட்டினால் துப்பு வேலை செய்கிறது. புரட்டாமல் நேரே போனால், முன்னால் வைத்த துப்பு மனதில் நிற்கவில்லை, அந்தக் கட்டத்தைப் பெரிதாக்க வேண்டும். ஆறாம் பக்கத்திலேயே முன்னும் பின்னும் புரட்டினால் துப்பு ரொம்பப் பெரிது. என் அம்மாவிடம் கொடுத்தபோது அவர் கடிதத்தில் இருந்த ணையைக் கண்டுகொள்ளவே இல்லை, ஏனென்றால் அவரும் அப்படித்தான் எழுதுகிறார். ஆனால் பெரியவர் யார் என்பதை ஐந்தாம் பக்கத்திலேயே சொல்லிவிட்டார், "அவன் பாக்கற பார்வையே சொல்லுதே" என்று. அப்படிப் பிடிக்கிறவர்கள் நாலு பேரில் ஒருவர் இருக்கலாம், மாற்ற வேண்டாம்.

அச்சும் தையலும்

ஜெராக்ஸ் கடையில் கொடுக்கும் முன் எந்தப் பக்கம் எந்தத் தாளில் வரும் என்று ஒரு வெற்றுப் பிரதி மடித்து எண் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். 24 பக்கத்துக்கு, ஒரு தாளின் ஒரே முகத்தில் அருகருகே வரும் இரண்டு எண்ணைக் கூட்டினால் 25 வரவேண்டும்: 24-ம் 1-ம், 2-ம் 23-ம், இப்படியே உள்ளே போனால் நடுவில் 12-ம் 13-ம். எங்களுக்கு ஒரு கடையில் பின்பக்கத்தைத் தலைகீழாக எடுத்துக் கொடுத்துவிட்டார்கள், பத்துப் பிரதி வீணாயிற்று. முதலில் ஒன்றே ஒன்று எடுத்து, மடித்து, கடையிலேயே நின்று புரட்டிப் பாருங்கள்.

12-ம் 13-ம் ஒரே தாளில் அருகருகே இருப்பதால், நடுவில் உடையாமல் ஒரு பெரிய படம் வைக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். நாங்கள் அங்கே கோயில் கதவை வைத்தோம். இடப்பக்கம் வறண்ட வண்டல், நேர் மூலை. வலப்பக்கம் 1953-இன் பச்சை வயல், உருண்ட மூலை. குறுக்கே பாவுவின் நூல் ஒன்று, கதவைத் தாண்டி அந்தப் பக்கம் போகிறது.

பின் அடிக்க நீளக் கை ஸ்டேப்ளர் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். இல்லாவிட்டால் ஊசியும் நூலும் போதும். மடிப்பின் மேல் மூன்று துளை போடுங்கள், நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஒவ்வொன்று. நடுத் துளையில் உள்ளிருந்து வெளியே ஊசியை விட்டு, மேல் துளை வழியாக உள்ளே வந்து, நேரே கீழ்த் துளைக்குப் போய் வெளியே எடுத்து, மறுபடி நடுத் துளை வழியாக உள்ளே வாருங்கள். உள்ளே மேலிருந்து கீழே நீளமாக ஓடும் நூலுக்கு இந்தப் பக்கம் ஒரு முனையும் அந்தப் பக்கம் ஒரு முனையும் வரும்படி வைத்து முடிச்சுப் போடுங்கள். முடிச்சு 12-க்கும் 13-க்கும் நடுவில், சரியாகக் கதவின் நிலையில் விழும். சென்னிமலையில் வாங்கிய சிவப்பு நூலில் தைத்தோம். படத்தில் பாவுவின் நூல் கதவைத் தொடும் இடத்தில் அக்கா மகள் கோட்டைக் கொஞ்சம் அழித்துவிட்டு, நிஜ நூலின் முனையை அங்கே நீட்டி விட்டாள்.